நடுவராய் நிற்கும் கணினி: இணைய விளையாட்டு வழங்கிகளின் இயக்கமும் விரிவாக்கமும்

விளையாட்டு எதுவாயினும் அதற்கு மூன்று வேண்டும்: ஆடுவோர், ஆடுகளம், நடுவர். ஆடுவோர் பலராக இருக்கலாம். களம் பெரிதாக இருக்கலாம். ஆனால் நடுவரின் தீர்ப்பு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். சடுகுடு ஆட்டத்தில் பாடி வந்தவர் எதிரணியினரைத் தொட்டாரா இல்லையா என்பதற்கு இரு தரப்பாரும் இரு வேறு விடைகளைப் பற்றிக்கொண்டு நின்றால், ஆட்டம் அந்த இடத்திலேயே கலைந்துவிடும். களத்தில் நிற்கும் நடுவர் அவ்வழக்கை நொடியில் தீர்த்து வைக்கிறார்.

இணைய விளையாட்டில் ஆடுவோர் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. ஒருவர் சியோலில் இருப்பார். மற்றொருவர் பெர்லினில் இருப்பார். ஒவ்வொருவர் முன்னும் ஒரு திரை உண்டு. ஒவ்வொரு திரையும் களத்தைத் தன் போக்கில் காட்டும். இந்நிலையில் யார் முந்தினார், யார் வீழ்ந்தார், எப்பொருள் யார் கையில் உள்ளது என்று தீர்ப்பளிப்பவர் யார்? அப்பணியை ஏற்று நிற்கும் கணினியே விளையாட்டு வழங்கி. அது எவ்வாறு இயங்குகிறது, கூட்டம் பெருகும்போது ஏன் தடுமாறுகிறது, அத்தடுமாற்றத்தை அறிஞர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

வழங்கி என்னும் சொல்

ஆங்கிலத்தில் 'சர்வர்' எனப்படுவதைத் தமிழில் 'வழங்கி' என்கிறோம். கேட்டதைக் கேட்டவர்க்குக் கொடுப்பது என்னும் பொருளில் இச்சொல் அமைந்தது. ஒரு செய்தித்தாளின் இணையப் பக்கத்தை அனுப்பும் கணினிக்கு இப்பெயர் முற்றிலும் பொருந்தும். ஒரே பக்கத்தை நூறு பேர் கேட்டாலும், நூறாயிரம் பேர் கேட்டாலும், அனைவர்க்கும் அதே பக்கந்தான். கேட்போர் தொகை கூடினால் அப்பக்கத்தின் படியை வேறு பத்துக் கணினிகளில் வைத்து, வருவோரைப் பங்கிட்டு அனுப்பிவிடலாம்.

விளையாட்டு வழங்கியின் நிலை வேறு. அங்கு ஒருவர் செய்யும் செயல் மற்ற எல்லோருடைய களத்தையும் மாற்றுகிறது. ஒருவர் ஒரு கதவைத் திறந்தால் அக்கதவு அனைவர்க்கும் திறந்திருக்க வேண்டும். ஒருவர் ஒரு வாளை எடுத்துக்கொண்டால் அது மற்றவர்க்கு இல்லையாக வேண்டும். ஆகவே இக்கணினி வழங்குவதோடு நிற்பதில்லை. கேட்கிறது, ஆராய்கிறது, தீர்ப்புச் சொல்கிறது, தீர்ப்பைப் பதிவு செய்கிறது. ஆட்டக்காரரின் கணினி 'நான் அவரை வீழ்த்திவிட்டேன்' என்று கூறினால் அதனை நல்ல வழங்கி அப்படியே ஏற்பதில்லை. 'இத்திசையில் இப்பொத்தானை அழுத்தினேன்' என்ற செய்தியை மட்டும் பெற்றுக்கொண்டு, விளைவைத் தானே கணக்கிடுகிறது. ஆட்டக்காரரின் கணினியை நம்பிவிட்டால் ஏமாற்றுவோர்க்குக் கதவைத் திறந்து வைத்தது போலாகும்.

இவ்வகை உலகங்களின் தொடக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில்தான் நிகழ்ந்தது என்பது மாணவர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற ராய் டிரப்ஷா என்னும் மாணவர் 1978-ஆம் ஆண்டில் 'மட்' என்னும் விளையாட்டை எழுதத் தொடங்கினார். ரிச்சர்டு பார்ட்டில் என்னும் மற்றொரு மாணவர் அதனை வளர்த்தார். அதில் படம் கிடையாது, எல்லாம் எழுத்தே. ஆயினும் பலர் ஒரே நேரத்தில் ஒரே உலகில் உலவினர். அவ்வுலகம் முழுவதும் ஒரே பெருங்கணினியில் அடங்கியிருந்ததால், அன்று நடுவரும் ஒருவரே, வழக்கும் எளிதே.

நொடிக்குள் அடங்கும் துடிப்பு

வழங்கியின் இயக்கத்தை நெஞ்சத்தின் துடிப்போடு ஒப்பிடலாம். ஒவ்வொரு துடிப்பிலும் அது ஆட்டக்காரர்களிடமிருந்து வந்த செய்திகளைத் திரட்டுகிறது. விதிகளின்படி களத்தின் புதிய நிலையைக் கணக்கிடுகிறது. அந்நிலையை அனைவர்க்கும் அறிவிக்கிறது. மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டின் வழங்கி நொடிக்கு 20 முறை துடிக்கும்படி அமைக்கப்பட்டது. அதாவது ஒரு துடிப்பிற்கு 50 மில்லி நொடி. அதற்குள் கணக்கு முடியாவிடில் அடுத்த துடிப்பு தாமதமாகும். களம் முழுவதும் தயங்கித் தயங்கி நகரும்.

துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் இன்னும் விரைவு வேண்டும். ரயட் நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வாலரண்ட் விளையாட்டின் வழங்கி நொடிக்கு 128 முறை துடிப்பது. ஒரு துடிப்பிற்குக் கிடைப்பது ஏறத்தாழ 7.8 மில்லி நொடி. செலவு கட்டுப்படியாக வேண்டுமெனில், செயலியின் ஒரு கருவில் மூன்று ஆட்டங்களுக்கு மேல் நடத்தியாக வேண்டும் என்று அந்நிறுவனத்தார் கண்டனர். பிற செலவுகளையும் கழித்துவிட்டுப் பார்த்தபோது ஓர் ஆட்டத்தின் ஒரு துடிப்பிற்கு எஞ்சியது 2.34 மில்லி நொடியே. வேலையைத் தொடங்கிய காலத்தில் ஒரு துடிப்பிற்கு 50 மில்லி நொடி ஆகிக்கொண்டிருந்தது. பொறியாளர்கள் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே அளந்து, தேவையற்ற கணக்குகளை நீக்கி, 2 மில்லி நொடிக்கும் கீழே கொண்டுவந்தனர். முன்னதாக எங்கு எவ்வளவு நேரம் செலவாகிறது என்று அளந்ததே அவர்கள் வெற்றிக்கு அடிப்படை.

தொலைவு என்னும் தடை

கணக்கை எவ்வளவு விரைவுபடுத்தினாலும் இயற்கை விதித்த எல்லை ஒன்று உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். சென்னையில் அமர்ந்திருப்பவர் சிங்கப்பூரிலுள்ள வழங்கிக்கு ஒரு செய்தி அனுப்பி விடை பெற, எவ்விதத் தடையும் இல்லையெனினும் 29 மில்லி நொடி ஆகும். வடங்கள் வளைந்து செல்வதாலும், இடையிலுள்ள கருவிகள் நேரம் எடுப்பதாலும் உண்மையில் அதனினும் மிகும். வாலரண்டின் அளவில் பார்த்தால் இவ்விடைவெளிக்குள் மூன்று துடிப்புகள் கடந்துவிடும்.

பொத்தானை அழுத்திவிட்டு வழங்கியின் விடைக்காகக் காத்திருந்தால் ஆட்டம் சேற்றில் நடப்பது போலாகிவிடும். இதற்கு ஒரு வழியாக 1996-ஆம் ஆண்டில் ஜான் கார்மாக் வெளியிட்ட குவேக்வேர்ல்டு என்னும் மென்பொருளில் முன்கணிப்பு முறை அமைந்தது. ஆட்டக்காரரின் கணினி, 'வழங்கி இவ்வாறுதான் தீர்ப்பளிக்கும்' என்று தானே ஊகித்து, உடனடியாகத் திரையில் நகர்வைக் காட்டிவிடும். பின்னர் வரும் தீர்ப்பு ஊகத்தோடு ஒத்தால் நன்று. மாறுபட்டால் திரை திருத்தப்படும்.

மற்றொரு முறையை வால்வ் நிறுவனத்தின் யான் பெர்னியர் 2001-ஆம் ஆண்டில் விளக்கியுரைத்தார். வழங்கி, சற்று முன் யார் யார் எங்கிருந்தனர் என்பதை நினைவில் வைத்திருக்கும். ஒருவர் சுட்டதாகச் செய்தி வந்ததும், அவர் சுட்ட கணத்தில் அவருடைய திரையில் களம் எவ்வாறு தோன்றியதோ அந்நிலைக்குக் காலத்தைப் பின்னோக்கி நகர்த்தி, குறி தப்பியதா என்று பார்க்கும். சுட்டவருக்கு இது நீதியே. ஆனால் சுடப்பட்டவர் அதற்குள் தம் திரையில் ஒரு சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். ஒளிந்த பின்னும் வீழ்ந்ததாக அவருக்கு அறிவிப்பு வரும். இருவர் கண்டதும் உண்மையே. தொலைவு இருக்கும் வரை இருவரையும் முழுமையாக நிறைவு செய்ய இயலாது. எவருக்கு எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பதே வழங்கியை வடிவமைப்போரின் கடமையாகிறது.

கூட்டம் பெருகும்போது

இனி விரிவாக்கத்திற்கு வருவோம். ஒரு களத்தில் 10 பேர் இருந்தால், ஒவ்வொருவரைப் பற்றியும் மற்ற 9 பேருக்கு அறிவிக்க வேண்டும். ஒரு துடிப்பிற்கு 90 செய்திகள். 100 பேர் இருந்தால் 9,900. 1,000 பேர் ஒரே இடத்தில் கூடினால் 9,99,000. ஆட்கள் நூறு மடங்கு பெருகினால் செய்திகள் பதினோராயிரம் மடங்குக்கும் மேல் பெருகிவிடுகின்றன. ஊர் கூடித் தேர் இழுத்தால் இழுப்போர் தொகை கூடக்கூட வேலை எளிதாகும். இங்கோ கூடுவோர் தொகையே வேலையைக் கடினமாக்குகிறது.

'அருகில் இருப்பவரைப் பற்றி மட்டும் அறிவித்தால் போதும்' என்பது முதல் தீர்வு. மலைக்கு அப்பால் இருப்பவரின் நகர்வை எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. இதனால் செய்திகள் குறைவதோடு, மறைந்திருப்போரை வஞ்சகமாக அறிய முயல்வோரும் ஏமாறுவர். ஆனால் அனைவரும் ஒரே சந்தையில் கூடிவிட்டால் இத்தீர்வு பயன்படாது.

இரண்டாவது தீர்வு, உலகத்தையே பல படிகளாக்குவது. ஆரிஜின் நிறுவனம் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட அல்டிமா ஆன்லைன் என்னும் விளையாட்டில் இம்முறை கையாளப்பட்டது. ஒரு மணிக்கல் உடைந்து சிதறியது, அதன் ஒவ்வொரு துண்டிலும் உலகின் ஒரு படிவம் தங்கிவிட்டது என்று அவ்விளையாட்டின் கதையிலேயே இதற்குக் காரணம் புனைந்தனர். 'துண்டு' என்னும் பொருளுடைய 'ஷார்டு' என்னும் ஆங்கிலச் சொல் அதன் வழி நிலைத்தது. தரவுத்தளங்களைப் பிரித்து வைப்பதற்கு இன்று வழங்கும் 'ஷார்டிங்' என்னும் கலைச்சொல்லும் இங்கிருந்தே பிறந்தது என்பாரும் உளர். இம்முறையில் ஒரு படியில் ஆடுபவர் மற்றொரு படியில் உள்ள நண்பரைக் காண இயலாது. கூட்டம் குறைந்தது; கூடவே உறவும் பிரிந்தது.

மூன்றாவது தீர்வு, உலகம் ஒன்றாகவே இருக்க, அதன் பகுதிகளை வெவ்வேறு கணினிகளிடம் ஒப்படைப்பது. இதில் எல்லைக்கோட்டைத் தாண்டுவதே இடர். ஒருவர் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குச் செல்லும் கணத்தில் அவர் கையிலுள்ள பொருள் எந்தக் கணினியின் பொறுப்பு? முதற் கணினி விடுவிக்கும் முன் இரண்டாவது பதிந்துகொண்டால் ஒரு வாள் இரண்டாகிவிடும். முதலது விடுவித்த பின் இரண்டாவது பதியத் தவறினால் வாள் மறைந்தே போகும். கணக்குப் புத்தகத்தில் பற்றும் வரவும் ஒரே கையெழுத்தில் முடிவது போல, இக்கைமாற்றம் ஒரே செயலாய் முடிய வேண்டும்.

ஐஸ்லாந்து தந்த பாடம்

இம்மூன்றாவது வழியில் நெடுந்தொலைவு சென்றவர்கள் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரைச் சேர்ந்த சிசிபி நிறுவனத்தார். அவர்கள் 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளி விளையாட்டில், சீனாவுக்கெனத் தனியே அமைந்த வழங்கி நீங்கலாக, உலகத்தார் அனைவரும் ஒரே அண்டத்தில் ஆடுகின்றனர். 'டிராங்க்விலிட்டி' என்று பெயரிடப்பட்ட அக்கணினித் தொகுதி லண்டனில் நிறுவப்பட்டது. அவ்வண்டத்தில் 7,000-க்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் உண்டு. ஆளில்லா மண்டலங்கள் பலவற்றை ஒரே கணினி பார்த்துக்கொள்ளும்; வணிகக் கூட்டம் மிகுந்த ஜிட்டா என்னும் மண்டலத்திற்கோ தனிக் கணினியே ஒதுக்கப்பட்டது.

இவ்வமைப்பில் ஒரு வரம்பு உண்டு. ஒரு மண்டலத்தின் கணக்கை இரு கணினிகளுக்குப் பங்கிட இயலாது. அம்மென்பொருள் பைத்தான் மொழியின் ஒரு வகையில் எழுதப்பட்டது. அது ஒரே நேரத்தில் செயலியின் ஒரு கருவில் மட்டுமே கட்டளைகளை நிறைவேற்றும். ஆகவே ஒரு மண்டலத்தில் இரண்டாயிரம் பேர் போரிடத் திரண்டால், தொகுதியில் எத்தனை கணினிகள் ஓய்ந்திருந்தாலும், அவை வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. பெரும்போர் நிகழப்போவதை அணித் தலைவர்கள் நிறுவனத்திற்கு முன்கூட்டியே தெரிவித்தால், அம்மண்டலத்தை வலிமை மிக்க கணினிக்கு மாற்றி வைக்கும் வழக்கம் தோன்றியது. திருமணத்திற்கு இத்தனை பேர் வருவர் என்று சமையற்காரரிடம் சொல்லி வைப்பது போன்றதே இது. சொல்லாமல் வரும் கூட்டத்திற்கு என்ன செய்வது?

அதற்கு அவர்கள் கண்ட வழி வியப்பிற்குரியது, காலத்தையே மெதுவாக்கினர். 2011-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட இம்முறைக்குக் 'கால விரிவு' என்று பெயர். சுமை மிகுந்தால் அம்மண்டலத்தின் கடிகாரம் மட்டும் மெதுவாக ஓடும். இயல்பு வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வரை இறங்கும். வெளியே பத்து நிமிடம் கழிந்தால் களத்தில் ஒரு நிமிடமே கழிந்திருக்கும். இதற்கு முன்னர், சுமை மிகுந்தபோது சிலருடைய கட்டளைகள் நிறைவேறும். சிலருடையவை நெடுநேரம் வரிசையில் கிடக்கும். யாருடையது முந்தும் என்பது தற்செயலாய் அமைந்தது. கால விரிவிலோ வழங்கியின் சோர்வை அனைவரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டனர்.

இம்முறை 2014-ஆம் ஆண்டு சனவரி 27-ஆம் நாள் பெருஞ்சோதனைக்கு உள்ளானது. பி-ஆர்5ஆர்பி என்னும் மண்டலத்திற்குரிய பராமரிப்புக் கட்டணம் செலுத்தப்படாமல் போகவே, அதன் உரிமை கைநழுவி, இரு பெருங்கூட்டணிகள் அங்குத் திரண்டன. போர் ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்தது. மொத்தம் 7,548 பேர் பங்கு கொண்டனர். ஒரே நேரத்தில் மண்டலத்தில் இருந்தோர் உச்சத்தில் 2,670 பேர். ஆட்டக்காரர்கள் நெடுங்காலம் உழைத்துக் கட்டிய 'டைட்டன்' என்னும் மாபெருங்கப்பல்கள் 75 அழிந்தன. கடிகாரம் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடியும் வழங்கி வீழவில்லை. தோற்றவர்களும் தோல்வியை ஏற்றுக்கொண்டனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. கணினியின் கோளாற்றால் தோற்றோம் என்ற எண்ணம் மேலோங்கியிருந்தால், அவ்வுலகில் எவரும் இன்னொரு கப்பலைக் கட்ட முன்வந்திரார்.

திறப்பு நாளும் வீழ்ச்சி நாளும்

வழங்கியின் ஆற்றலைச் சோதிக்கும் இரு நாட்கள் உண்டு: கதவு திறக்கும் நாள், கட்டடம் சரியும் நாள்.

நையான்டிக் நிறுவனத்தின் போக்கிமான் கோ 2016-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் வெளிவந்தது. எதிர்பார்த்த அளவை ஒரு மடங்கென்றும், மிகமிகப் போனால் ஐந்து மடங்கென்றும் கணித்து வைத்திருந்தனர். வந்ததோ ஐம்பது மடங்கு. கூகுள் நிறுவனத்தின் கணினிக் கூடங்களில் ஓடியதால் இடையிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளைச் சேர்க்க முடிந்தது. தொடக்க நாட்களின் தடுமாற்றத்தைக் கண்டு அமைப்பைத் திருத்திய பின்னரே ஜப்பானில் திறந்தனர். அமெரிக்காவில் முதலில் வந்ததைப் போல் மும்மடங்கு புதியவர்கள் அங்கு வந்தும் இடையூறு நேரவில்லை.

கணினிகளைக் கூட்டுவதைவிடக் குறைப்பது கடினம் என்பதையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். இணையப் பக்கம் வழங்கும் கணினியை எந்நேரமும் நிறுத்தி, வேலையை மற்றொன்றிடம் கொடுக்கலாம். நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்தின் வழங்கியை இடையில் நிறுத்தினால் நடுவரைக் களத்திலிருந்து தூக்கிச் சென்றது போலாகும். இதற்கெனவே கூகுளும் யூபிசாஃப்டும் 2018-ஆம் ஆண்டில் 'அகோனிஸ்' என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டன. போட்டி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்த பெயர் இது. ஆட்டத்திற்கென ஒதுக்கப்பட்ட வழங்கிகளை இது கலைக்காது. வெறுமையாய் நிற்பவற்றை மட்டுமே கூட்டும், குறைக்கும்.

வீழ்ச்சி நாளுக்குச் சான்று ரோப்லாக்ஸ். 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 28 முதல் 31 வரை 73 மணி நேரம் அத்தளம் முடங்கியது. எந்தப் பணி எந்தக் கணினியில் நடக்கிறது என்பதைச் சொல்லும் கையேடு போன்ற 'கான்சல்' என்னும் மென்பொருள் பளுவால் திணறியதே மூலம். புதிதாகச் செயற்படுத்திய ஒரு வசதியும், தரவைச் சேமிக்கும் அடித்தளத்தில் மறைந்திருந்த ஒரு குறையும் சேர்ந்து இத்தீங்கை விளைத்தன. நோயைக் காட்ட வேண்டிய அளவீட்டுக் கருவிகளும் அதே மென்பொருளைச் சார்ந்திருந்தன. ஆகவே மருத்துவருக்கும் கண் மறைந்தது. குறையைக் கண்டறிந்த பின்னும் அவர்கள் கதவை ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, ஏறத்தாழப் பத்து விழுக்காடு பத்து விழுக்காடாக ஆட்டக்காரர்களை உள்ளே விட்டனர். எழுந்து நிற்கும் நோயாளியின் தோளில் உடனே முழுச் சுமையையும் ஏற்றலாகாது என்பதை அறிந்து செய்த செயல் இது.

நிறைவாக

இதுகாறும் கண்டவற்றால் ஓர் உண்மை விளங்கும். கணினிகளைக் கூட்டுவது பணத்தால் ஆகக்கூடியது. எதைப் பங்கிடலாம், எதைப் பங்கிடலாகாது என்று தெளிவதற்கே அறிவு வேண்டும். ஒருவரோடொருவர் மோதுவோர் ஒரே நடுவரின் கீழ் இருந்தாக வேண்டும். அந்த நடுவரின் ஆற்றலுக்கோ எல்லை உண்டு. எல்லையை எட்டும்போது உலகைப் பிரிப்பதா, காலத்தை மெதுவாக்குவதா, வாயிலில் காக்க வைப்பதா என்ற தெரிவு எஞ்சுகிறது. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றை இழக்கிறார். அவ்விழப்பு தற்செயலாய் ஒருவர் தலையில் விழாமல், அறிந்தே அனைவர்க்கும் ஒப்பப் பகிரப்படுமானால், ஆடுவோர் அதனைப் பொறுத்துக்கொள்கின்றனர்.

பொழுதுபோக்கிற்கென எழுந்த இத்துறையின் சிக்கல்கள் பொழுதுபோக்கோடு நின்றுவிடுவதில்லை. பண்டிகைக் காலத்தில் தொடர்வண்டிப் பயணச்சீட்டுக்கு ஒரே நிமிடத்தில் இலட்சக்கணக்கானோர் முந்தும்போதும், தேர்வு முடிவு வெளியாகும் காலையில் மாணவர்களும் பெற்றோர்களும் ஒரே பக்கத்தை நாடும்போதும், வழங்கிகள் எதிர்கொள்ளும் நெருக்கடி இதனோடு உறவுடையதே. அங்கும் ஓர் இருக்கை இருவர்க்குப் பதிவாகிவிடலாகாது. அங்கும் வரிசை நேர்மையாய் நகர வேண்டும். கணினியியல் பயிலும் மாணவர்கள் விரைவாய் இயங்கும் மென்பொருளை எழுதக் கற்பது இன்றியமையாதது. கூட்டம் பெருகிய வேளையிலும் நடுநிலை பிறழாத மென்பொருளை எழுதுவோரே பெருந்தொகை மக்களின் நம்பிக்கைக்கு உரியவராவர்.